கடதாசி அரசர்களும் கையெழுத்துச் சட்டங்களும்

மனிதன் எவ்வாறு உழைத்தான் என்பதை ஆராய்ந்து எழுதியோர் பலர். அவன் எவ்வாறு விளையாடினான் என்பதை எழுதியோர் மிகச் சிலரே. விளையாட்டை வேலையற்ற வேளையின் வீண்செயல் என்று ஒதுக்கிவிடுவது கற்றோரின் வழக்கமாகிவிட்டது. ஆயினும், ஒரு சமுதாயம் யாரை உயர்ந்தோன் என்றும் யாரைத் தாழ்ந்தோன் என்றும் கருதியது, எதைச் செல்வமாக மதித்தது, சட்டத்தை யார் ஆக்கலாம் என்று எண்ணியது என்பனவற்றைக் கல்வெட்டும் செப்பேடும் மறைத்த இடத்தும் அதன் விளையாட்டுகள் மறைப்பதில்லை. சதுரங்கத்தில் காலாள் முதலில் மடிகிறான். அரசன் இறுதிவரை காக்கப்படுகிறான். இதனை வகுத்தவன் உலகியல் அறியாதவன் என்று கூற முடியுமா?

விளையாட்டுகளுள் சீட்டாட்டம் தனித்த இயல்புடையது. பகடைக்கு எலும்போ தந்தமோ வேண்டும். சதுரங்கத்துக்குக் கடைந்த காய்கள் வேண்டும். சீட்டுக்கோ தாளும் மையும் போதும். ஆதலால், அதனை யாரும் ஆக்கலாம். ஆக்கியவன் தான் விரும்பிய உலகத்தை அதில் வரையலாம். இந்த உரிமை யாரிடம் இருந்தது, யாரிடம் சென்றது, யார் அதனை மீட்டனர் என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். கேட்பதற்குச் சிறுபிள்ளைச் செய்திபோல் தோன்றும். உண்மையில், சட்டத்தை ஆக்குபவன் யார், அதற்கு அடங்குபவன் யார் என்னும் பெருவினாவின் சிறுவடிவமே இது.

கையிலிருந்து அச்சுக்கு

தாள் பிறந்த சீனத்திலேயே சீட்டும் பிறந்தது என்பர் ஆய்வாளர். அங்கிருந்து பாரசீகம், எகிப்து வழியாக மேற்கே சென்றது. எகிப்தில் மம்லூக்குச் சுல்தான்களின் காலத்துச் சீட்டுக்கட்டொன்று இசுத்தான்புலின் தோப்காப்பி அரண்மனையில் காக்கப்பட்டுள்ளது. எல். ஏ. மேயர் என்னும் அறிஞர் 1939-இல் அதனைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். ஐம்பத்திரண்டு சீட்டுகளுள் நாற்பத்தேழு எஞ்சியுள்ளன. கிண்ணம், காசு, வாள், குதிரைப்பந்துக் கோல் என நான்கு இனங்கள். ஒவ்வோர் இனத்துக்கும் அரசன் ஒருவன், அவனுக்குத் துணையாக நாயிபுகள் இருவர். அவ்வரசனுக்கு முகமில்லை, அவன் பெயர் எழுத்தாக மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளது. 'நாயிபு' என்னும் அச்சொல்லே இசுப்பானிய மொழியில் இன்றும் சீட்டுக்குப் பெயராக வழங்கும் 'நைப்பே' ஆயிற்று என்பர்.

1377-ஆம் ஆண்டில் புளோரன்சு நகரத்தார், புதிதாக வந்த இவ்விளையாட்டைத் தடைசெய்தனர். ஐரோப்பாவில் சீட்டாட்டத்தைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய உறுதியான சான்றுகளுள் அதுவும் ஒன்று. வரலாற்றில் அது தலைகாட்டும்போதே தடைக்குரிய பொருளாகத் தலைகாட்டுகிறது என்பது கருதத்தக்கது. தொடக்கத்தில் கையால் எழுதிய சீட்டு செல்வர்களின் பண்டமாக இருந்தது. மரக்கட்டை அச்சு வந்தபின் அது படைவீரனின் பைக்குள்ளும் மாலுமியின் பெட்டிக்குள்ளும் புகுந்தது.

மக்கள் கையில் ஒரு பண்டம் பரவினால் அரசின் கண் அதன்மேல் விழும். இங்கிலாந்தில் 1711-இல் ஒவ்வொரு கட்டுக்கும் ஆறு பென்சு தீர்வை விதிக்கப்பட்டது. தீர்வை செலுத்தியதற்கு அடையாளமாக ஸ்பேட் ஆசியில் அரசு முத்திரை இடப்பெற்றது. அம்முத்திரைச் சீட்டைக் கள்ளமாக அச்சிடுவது மரண தண்டனைக்குரிய குற்றம். 1805-இல் ரிச்சட் ஹாடிங் என்பவர் அக்குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார். ஒரு துண்டுக் கடதாசிக்காக ஓர் உயிர்! அத்தீர்வை 1960-இல்தான் நீங்கியது. கையால் செய்த சீட்டு கடைச்சரக்காகிப் பின்னர் அரசின் வருவாயாகி முடிந்த கதை இது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியொன்றையும் காண்கிறோம். 1685-இல் பிரெஞ்சுக்காரர் ஆண்ட கனடாவில், படைவீரருக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் வந்து சேரவில்லை. அங்கிருந்த நிருவாக அதிகாரியாகிய ழாக் த மேல், ஊரிலிருந்த சீட்டுக்கட்டுகளைத் திரட்டி, அவற்றின்மேல் தொகையை எழுதிக் கையொப்பமிட்டுப் பணமாக வழங்கினார். மக்களும் ஏற்றுக்கொண்டனர். தாளின் மதிப்பு தாளில் இல்லை. அதனை ஏற்போரின் உடன்பாட்டிலேயே இருக்கிறது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமா? சீட்டாட்டத்தின் விதிகளும் அத்தகையனவே.

மன்னர் வகுத்த சீட்டுகள்

இந்தியாவில் 'கஞ்சிபா' என்னும் பெயரால் சீட்டாட்டம் வழங்கியது. 1527-இல் பாபர் சிந்து நாட்டு ஷா ஹசனுக்குக் கஞ்சிபாச் சீட்டுகளை அனுப்பியதாகத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். அக்பரின் அவையிலிருந்த அபுல் பசல் 'ஆயினே அக்பரி'யில் பன்னிரண்டு இனங்கள் கொண்ட பழைய கட்டொன்றை விரித்துரைக்கிறார். குதிரைக்கு ஓர் அதிபதி, யானைக்கு ஓர் அதிபதி, கோட்டைக்கு ஓர் அதிபதி, கப்பலுக்கு ஓர் அதிபதி, பாம்புக்கும் ஓர் அதிபதி என்று அது விரிகிறது. அக்பர் அவற்றுட் சிலவற்றை மாற்றியமைத்தார் என்றும் அவர் கூறுகிறார். பேரரசர் தம் நாட்டின் வரித்திட்டத்தை மட்டுமன்றிச் சீட்டுக்கட்டையும் திருத்தினார்!

பின்னர்ப் பெருவழக்காகிய எட்டினக் கட்டில் தொண்ணூற்றாறு சீட்டுகள். முடி, வெள்ளிக்காசு, வாள், அடிமை என்பன நான்கு இனங்கள். யாழ், பொற்காசு, பத்திரம், சரக்கு என்பன ஏனைய நான்கு. ஓர் அரசின் உடற்கூறு முழுவதும் இதில் அடங்கியிருப்பதைக் காண்க. மேலே முடி, அதனைக் காக்க வாள், அதற்கு உழைக்க அடிமை, கணக்குக்குப் பத்திரம், கொள்ளுதற்குச் சரக்கு, களிப்புக்கு யாழ். எழுதியவன் சமுதாய நூல் எழுத நினைக்கவில்லை; சீட்டுத்தான் எழுதினான். ஆயினும், அவன் கண்ட உலகமே அவன் கையில் வந்தது.

இச்சீட்டுகள் வட்ட வடிவின. தந்தத்திலும் ஆமையோட்டிலும் செய்தவை அரண்மனைக்கு. துணியிலும் தாளிலும் செய்தவை குடிமக்களுக்கு. வங்காளத்து விஷ்ணுபுரத்திலும் ஒடிசாவின் இரகுராஜபுரத்திலும் பழந்துணியைப் புளியங்கொட்டைப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டி, சுண்ணப்பொடி பூசி உலர்த்தி, வழுவழுப்பாக்கி, வட்டமாக வெட்டி ஓவியர் குடும்பங்கள் சீட்டுச் செய்தன. திருமாலின் பத்து அவதாரங்களையும் பத்து இனங்களாக்கி நூற்றிருபது சீட்டுகள் எழுதினர். அரசன் பெயர் நூலில் நிற்கிறது. புளியங்கொட்டையை அரைத்த பெண்ணின் பெயர் எந்நூலிலும் இல்லை.

நம் தமிழகத்துக்கு அயலிலுள்ள மைசூரில் நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் மிக விந்தையான பகுதி. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் 1799-இல் திப்பு வீழ்ந்தபின் ஐந்து வயதில் ஆங்கிலேயரால் அரியணையில் அமர்த்தப்பட்டவர். 1831-இல் அவ்வாங்கிலேயரே ஆட்சிப் பொறுப்பை அவரிடமிருந்து பறித்துக்கொண்டனர். 1868-இல் இறக்கும்வரை அவர் பெயரளவிலேயே அரசர். அவர் ஆக்குவித்த 'ஸ்ரீதத்துவநிதி' என்னும் பெருநூலின் ஒரு பகுதி கௌதுகநிதி. அதில் பலவகைச் சீட்டாட்டங்கள் புதிதாக வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுட் பெரியதற்கு முந்நூற்றறுபது சீட்டுகள்! தெய்வங்கள், கோள்கள், அவற்றின் ஊர்திகள் எனப் பேரண்டம் முழுவதையும் அம்மன்னர் சீட்டில் அடக்க முயன்றார். நாட்டுக்குச் சட்டம் ஆக்கும் உரிமையை இழந்த மன்னர் கடதாசிக்குச் சட்டம் ஆக்கினார். அதனை நகைத்தற்குரியதென ஒதுக்கலாகாது. ஆக்கும் ஆற்றல் ஒரு வழியில் அடைபடின் மற்றொரு வழியில் பாயும் என்பதற்கு அது சான்று. ஆனால், முந்நூற்றறுபது சீட்டுகளைக் கையில் விரித்து ஆடப் பொழுதுள்ளவர் யார்? அரண்மனையில் பிறந்த ஆட்டம் அரண்மனையிலேயே நின்றுவிட்டது.

அரசனை வென்ற உழவன்

இனி, நம் ஈழநாட்டுக்கு வருவோம். 'கடதாசி' என்று நாம் வழங்கும் சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. 1639-இல் ஒல்லாந்தர் திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். 1795-இல் ஆங்கிலேயர் அதனை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். 1957-இலேயே அவர்களின் கடற்படை இத்துறைமுகத்தை விட்டு நீங்கியது. வந்தவர் ஒவ்வொருவரும் பீரங்கியோடு வந்தனர். அவர்தம் மாலுமிகளின் மூட்டையில் சீட்டுக்கட்டும் வந்தது. பீரங்கிகள் துருப்பிடித்துவிட்டன, சீட்டுக்கட்டு நிலைத்துவிட்டது.

ஒல்லாந்தர் மண்வெட்டிக்குரிய தம் சொல்லாற் குறித்த இனத்தை நம்மவர் 'ஸ்கோப்பன்' என்றனர். சிங்கள மக்கள் 'இஸ்கோப்ப' என்றனர். கிளாவர் இனம் தமிழரிடம் 'கலாவரை' ஆயிற்று. சிங்களரிடம் 'கலாபர' ஆயிற்று. 1956-இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது இரு மொழியாரும் எதிரெதிர் நின்றனர். ஆயின், மாலைப்பொழுதில் இரு சாராரும் கையில் ஏந்திய சீட்டுகளின் பெயர்கள் ஒரே அயல்மொழியிலிருந்து இரவல் வாங்கியவையே. மொழியால் பகைத்தோர் அறியாமலே ஒரு பொது அகராதியைக் காத்து வந்தனர்.

சொல்லை இரவல் வாங்கியவர் விதியையும் அப்படியே வாங்கிக்கொண்டனரா? இல்லை. இதுவே நாம் உற்று நோக்கவேண்டிய இடம். ஈழத்தில் வழங்கும் 'முந்நூற்றுநான்கு' என்னும் ஆட்டத்தை அறியாதார் அரியர். ஏழு முதல் ஆசி வரை முப்பத்திரண்டு சீட்டுகள். அதில் ஜாக்குக்கு முப்பது புள்ளி, ஒன்பதுக்கு இருபது, ஆசிக்குப் பதினொன்று, பத்துக்குப் பத்து, அரசனுக்கு மூன்று, அரசிக்கு இரண்டு, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு எழுபத்தாறு, நான்கினத்துக்கும் முந்நூற்றுநான்கு. ஐரோப்பாவின் 'யாஸ்' ஆட்டக் குடும்பத்தோடு இது தொடர்புடையதென ஆட்டநூல் வல்லார் கருதுவர். அக்குடும்பத்து ஆட்டங்களில் ஜாக்கும் ஒன்பதும் உயர்வது துருப்பினத்தில் மட்டுமே. ஏனை இனங்களில் அரசன் தன் மதிப்போடு ஜாக்குக்கு மேலேயே அமர்ந்திருப்பான். இங்கோ நான்கு இனங்களிலும் அரசன் கீழிறக்கப்பட்டான். நான்கிலும் ஜாக்கு அரியணை ஏறினான். கேரளத்து 'இருபத்தெட்டு' என்னும் ஆட்டத்திலும் இதே முறையைக் காண்கிறோம்.

அந்த ஜாக்கு யார்? ஆங்கிலேயருக்கு அவன் ஏவலன். ஒல்லாந்தரோ அவனைத் தம் மொழியில் 'பூர்' என்பர். அச்சொல்லுக்கு உழவன் என்பது பொருள். சிங்களத்தில் அது 'பூருவா' என வழங்குகிறது. அம்மொழியில் பூருவா என்பது கழுதைக்கும் பெயர். உழவன் கடல் கடந்து வந்து கழுதையானான்! ஆயினும் என்ன? அக்கழுதைதான் முந்நூற்றுநான்கில் அரசனை வெட்டி எடுக்கிறது. மூன்று புள்ளி அரசன் முப்பது புள்ளி உழவன் முன் தலைகவிழ்கிறான்.

இதனோடு பிரான்சிய நாட்டு நிகழ்ச்சியொன்றை ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். 1793-இல் அங்குப் புரட்சி மன்னனின் தலையைக் கொய்தபின், சீட்டிலிருந்த மன்னரையும் விட்டுவைக்கவில்லை. ழோம், துகூர் என்னும் இருவர் புதுக்கட்டொன்றை வெளியிட்டனர். அரசர்க்கு மாறாக அறிவுத்துறைகளின் காவலர். அரசியர்க்கு மாறாகச் சுதந்திரங்கள். ஏவலர்க்கு மாறாகச் சமத்துவங்கள். கருத்து உயர்ந்ததே. ஆயின், ஆட்டத்தின் விதி மாறவில்லை. மேலிருந்தது மேலேயே இருந்தது. கீழிருந்தது கீழேயே இருந்தது. சமத்துவம் மூன்றாம் படியிலேயே நின்றது! நெப்போலியன் முடிசூடிய காலத்தில் பழைய அரசர்களும் சீட்டுக்குத் திரும்பிவிட்டனர்.

படத்தை மாற்றி விதியை மாற்றாதார் ஒரு சாரார். படத்தை அவ்வாறே விட்டு விதியை மாற்றியோர் மற்றொரு சாரார். எது நின்று நிலைத்தது என்பதை வாசகரே அறிவர். நம் ஊர்த் திண்ணைகளில் முந்நூற்றுநான்கு ஆடியோர் புரட்சியாளரல்லர். ஆயினும், விதியென்பது வானத்திலிருந்து இறங்கியதன்று, ஆடுவோர் ஒத்துக்கொண்டால் மாற்றத்தக்கது என்னும் பேருண்மையை அவர்கள் கைகள் அறிந்திருந்தன.

பிள்ளைகளின் சட்டசபை

மிகப் பழங்காலந்தொட்டே நம் மக்களின் விளையாட்டுகள் வீட்டிலேயே ஆக்கப்பட்டவை. தரையில் கரியால் கீறினால் தாயக்கட்டம். உரசிய புளியங்கொட்டை பகடை. மண்ணில் குழிதோண்டினால் பல்லாங்குழி. விலை கொடுத்து வாங்கியது ஒன்றுமில்லை. கடதாசியில் இம்மரபின் வாரிசு 'கள்ளன் பொலிஸ்' என்னும் துண்டுச்சீட்டு விளையாட்டு. தமிழகத்தில் இதனை 'ராஜா ராணி' என்பர். கொப்பித்தாளைக் கிழித்து அரசன், அரசி, மந்திரி, பொலிஸ், கள்ளன் என்று எழுதி மடித்துக் குலுக்கிப் போடுவர். பொலிஸ் வந்தவன் கள்ளனைக் கண்டுபிடிக்க வேண்டும். தவறினால் அவன் புள்ளி கள்ளனுக்குப் போய்விடும். அரசனுக்கு மிகுந்த புள்ளி, அவன் செய்யும் வேலை எதுவுமில்லை! கள்ளனுக்கோ சுழியம். இப்புள்ளிகள் ஊருக்கு ஊர் வேறுபடும். ஓரூரில் வரும் பாத்திரம் மற்றோர் ஊரில் வராது. அச்சிட்ட விதிநூல் இல்லாமையே இவ்விளையாட்டின் உயிர்.

இம்மரபுக்கு அயல்நாட்டிலும் உறவினர் உண்டு. 1971-இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் மேல் ராபின்ஸ் என்னும் முடிதிருத்துநர் தம் குடும்பத்தோடு இருந்து 'ஊனோ' என்னும் ஆட்டத்தை ஆக்கினார். அது பின்னர் உலகச் சந்தைப் பொருளாயிற்று. 1982-இல் பீட்டர் சூபர் என்னும் மெய்யியல் ஆசிரியர் 'நோமிக்' என்னும் விளையாட்டை வகுத்தார். விதியைத் திருத்துவதே அதில் ஆட்டம். 1995-இல் விஸ்கான்சின் மாநிலத்து மடிசன் நகரில் நேதன் மக்குவிலன் என்பவர் வெற்றுச்சீட்டுகளைக் கொண்டே ஓர் ஆட்டத்தைத் தொடங்கினார். 'ஆயிரம் வெள்ளைச் சீட்டுகள்' என்று அதன் பெயரைத் தமிழில் கூறலாம். ஒவ்வொருவரும் வெறுஞ்சீட்டில் ஒரு படம் வரைந்து, பெயரிட்டு, 'இச்சீட்டு விழுந்தால் இன்னது நிகழும்' என்று தாமே விதி எழுதுவர். பின் கலைத்துப் பகிர்ந்து ஆடுவர். ஆட்டத்தின் நடுவிலும் புதுச்சீட்டு எழுதலாம். முடிவில், எச்சீட்டை அடுத்த ஆட்டத்துக்கு வைத்துக்கொள்வது, எதனை நீக்குவது என்று கூடித் தீர்மானிப்பர். வெற்றி என்பது என்ன என்பதையும் ஆடுவோரே கூற வேண்டும்.

குறிஞ்சாக்கேணியில் ஆசிரியத் தொழில் புரியும் எனக்கு, இதனை மாணவரிடையே நடத்திப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. சவர்க்காரப் பெட்டி, பிசுக்கோத்துப் பெட்டி ஆகியவற்றின் மட்டையை வெட்டிச் சீட்டாக்கினோம். செலவு ஒன்றுமில்லை. முதலில் அவர்கள் எழுதியவை எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன: 'நான் வென்றேன்', 'எனக்கு ஆயிரம் புள்ளி', 'எல்லாரும் எனக்குத் தருக'. அதிகாரம் கையில் வந்தவுடன் மனிதர் எழுதும் முதற்சட்டம் இதுவேயன்றோ? ஆனால், எல்லாரிடமும் 'நான் வென்றேன்' என்னும் சீட்டு இருந்தபோது அதற்குப் பொருளில்லாது போயிற்று. ஆட்டம் நின்றுவிட்டது. அரைமணி நேர வாதத்தின்பின், தனக்கு மட்டும் நன்மை தரும் சீட்டு செல்லாது என்று அவர்களே தீர்த்தனர். அரசியல் நூல்கள் பல பக்கங்களில் கூறுவதை அவர்கள் ஒரு பாடவேளையில் கண்டுகொண்டனர்.

அடுத்த நாள் பெருஞ்சிக்கல் எழுந்தது. வலியவன் ஒருவன் வகுப்பிலிருந்த மெலியவன் ஒருவனின் பட்டப்பெயரைச் சீட்டாக எழுதி, 'இது வந்தவன் ஐந்து புள்ளி இழப்பான்' என்று விதித்தான். வகுப்புச் சிரித்தது; அப்பிள்ளை தலைகுனிந்தான். நான் தலையிட எண்ணியபோது, மாணவி ஒருத்தி தன் மட்டையில் ஒரு விதி எழுதி நடுவில் வைத்தாள்: 'இருக்கும் மனிதரின் பெயர் சீட்டாகக் கூடாது.' வாக்கெடுத்தனர். இருவர் நீங்கலாக எல்லாரும் கையுயர்த்தினர். ஆசிரியன் விதித்திருந்தால் அது மற்றுமொரு கட்டளையாக இருந்திருக்கும். அவர்கள் ஆக்கியமையால் அது அவர்களின் சட்டம் ஆயிற்று. அதன்பின் அதனை மீறியவர் இல்லை.

நாளடைவில் சீட்டுகளில் அவர்கள் வாழ்வு வரத்தொடங்கியது. தோணி, வலை, மழை, மின்வெட்டு, அரிசி விலை, வெளிநாடு போன வாப்பா என்று எழுதினர். ஒரு சீட்டில் பாலம் ஒன்று கோணல்மாணலாக வரையப்பட்டிருந்தது. அதன் விதி இதுதான்: 'இது யாரிடம் இருந்தாலும் எல்லாரும் கடக்கலாம்.' 2021-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் காலையில், பாலவேலை நடந்துகொண்டிருந்த இவ்வூர்த் துறையில் இழுவைப் படகு கவிழ்ந்து, பள்ளிக்குச் சென்ற பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்ததை நாடறியும். அதனைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது எழுதாத பிள்ளைகள், சீட்டில் எழுதினர். மைசூர் மன்னர் முந்நூற்றறுபது சீட்டுகளில் தெய்வங்களை எழுதினார். இப்பிள்ளைகள் ஒரே சீட்டில் ஊரின் குறையையும் நீதியையும் எழுதிவிட்டனர். கட்டின் மற்றச் சீட்டுகள் கிழிந்து மாற்றப்பட்டன. பாலத்தை நீக்க ஒருவரும் வாக்களிக்கவில்லை.

சூதும் ஆட்டமும்

இதற்கு மறுப்பு எழும் என்பதை அறிவேன். கடதாசியைக் கண்டாலே முகஞ்சுளிக்கும் பெரியோர் நம் ஊர்களில் உளர். அவர்கள் அச்சம் காரணமற்றதன்று. வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். திருக்குர்ஆன் சூதாட்டத்தை மதுவோடு சேர்த்து விலக்குகிறது. சீட்டால் காணி இழந்த குடும்பங்களையும், கூலியை மாலையிலேயே தோற்றுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய தகப்பன்மாரையும் நாம் கண்டிருக்கிறோம். பிள்ளையின் கையில் சீட்டைப் பார்த்துத் தாய் பதறுவது இயல்பே.

ஆயின், சூதின் தீமை எங்கே இருக்கிறது என்று ஆராய வேண்டும். பாரதக் கதையில் தருமன் அழிந்தது பகடை உருண்டதனால் மட்டுமன்று. பகடை சகுனியுடையது, மண்டபம் துரியோதனனுடையது, பணயமோ நாடும் தம்பியரும் மனைவியும். கருவியும் களமும் ஒருவனுக்குரியனவாக, இழப்பு மட்டும் மற்றவனுக்குரியதாகும்போது அது விளையாட்டன்று, கொள்ளை. வீட்டில் செய்த வெற்றுச்சீட்டில் பணயம் இல்லை. கருவி எல்லாருக்கும் பொது. விதி எல்லாருக்கும் தெரிய எழுதப்படுகிறது. பிடிக்காத விதியைப் பேசி மாற்றலாம். சூதின் இயல்புக்கு முற்றிலும் எதிரான இயல்பு இது. நம் பிள்ளைகளின் கையில் இன்று கைத்தொலைபேசி இருக்கிறது. அதிலுள்ள விளையாட்டுகளின் விதியை யார் எழுதினார், எந்நோக்கத்தோடு எழுதினார் என்பதை எந்தத் தாயும் அறியாள். பணங்கட்டினால் வலிமை கூடும் என்னும் விதியை அங்கே வாக்கெடுத்து மாற்ற இயலாது. சவர்க்காரப் பெட்டிச் சீட்டுக்கு அஞ்சி, கண்ணுக்குத் தெரியாத சகுனிகளிடம் பிள்ளைகளை ஒப்படைப்பது எவ்வகையில் பொருந்தும்?

மற்றொரு மறுப்பும் உண்டு. தேர்வுக்குரிய நேரத்தை இது தின்னும் என்பர். நம் கல்விமுறை பிள்ளைகளுக்கு விடை எழுதக் கற்பிக்கிறது. வினா எழுதக் கற்பிப்பதில்லை. விதிக்கு அடங்கக் கற்பிக்கிறது. விதி எழுதக் கற்பிப்பதில்லை. குடியியல் பாடத்தில் சட்டவாக்கம் என்னும் சொல்லை மனனம் செய்தவன் தேர்வில் புள்ளி பெறுவான். ஆனால், நாளை அவன் ஊர்ச்சபையில், தொழிற்சங்கத்தில், கூட்டுறவுச் சங்கத்தில் அமரும்போது எழுந்து நின்று, 'இவ்விதி தவறு. இவ்வாறு திருத்துவோம்' என்று கூறும் துணிவை எங்கிருந்து பெறுவான்? தனக்குப் பாதகமான தீர்மானம் வாக்கெடுப்பில் வென்றபோது, சீட்டைக் கிழித்தெறியாமல் அடுத்த வாதத்துக்குக் காத்திருக்கும் பொறுமையை எங்கே பயில்வான்? பல மொழியும் பல சமயமும் கலந்து வாழும் திருகோணமலை போன்றதொரு மாவட்டத்தில், அத்துணிவும் பொறுமையும் இல்லாமையால் நாம் கொடுத்த விலை சிறிதன்று.

அரசர்கள் சீட்டை ஆக்கினார்கள். அரசுகள் அதன்மேல் தீர்வை விதித்தன. ஆலைகள் அதனை அச்சிட்டு விற்றன. எனினும், அதன் விதியை எந்த அரசும் ஆலையும் முழுமையாகக் கைப்பற்றிவிட முடியவில்லை. ஒல்லாந்து மாலுமியின் கட்டை வாங்கிய நம் முன்னோர், அரசனை மூன்று புள்ளிக்கு இறக்கிவிட்டனர். அவர்களின் பேரப்பிள்ளைகள் ஒருபடி மேலே சென்று, அரசனே இல்லாத கட்டை எழுதட்டும். ஆசிரியர்கள் செய்யவேண்டியது மிகச் சிறிது: வெறும் பெட்டியொன்றும் கத்தரிக்கோலும் பென்சிலும் கொடுத்து, தாம் சிறிது விலகி நிற்றல். கையுயர்த்திச் சட்டம் ஆக்கப் பயின்ற கைகள், பின்னாளில் கைகட்டி நிற்கமாட்டா.